முதுமை, மறதி நோய், வலிப்பு: மூளையை இயற்பியல் எப்படிக் கணக்குப் போடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளைக்கு வயதாவதையும் அதற்கு வரும் நோய்களையும் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வேலை பற்றி எங்கே பேசினாலும் ஏறத்தாழ இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்பவர்களில் பாதிப் பேர் மாணவர்கள், மீதிப் பேர் வீட்டில் மறதி நோய் வந்த ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துத் தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

மூளை நோய்க்கும் இயற்பியலுக்கும் என்ன சம்பந்தம்? அது டாக்டர் வேலைதானே?

நோயாளியைப் பார்ப்பது டாக்டர் வேலைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூளை என்பது ஒன்றரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவான, நீரில் மிதக்கும், மிக மென்மையான ஒரு பொருள். அதற்குள் இரத்தம் ஓடுகிறது, மின்னோட்டம் பாய்கிறது, புரதங்கள் ஒட்டிக் கட்டியாகின்றன, திசு சுருங்குகிறது. ஓட்டம், மின்சாரம், பரவல், விசை என்று இவை எல்லாம் இயற்பியல் ரொம்ப நாளாகக் கணக்குப் போட்டுப் பழகிய விஷயங்கள்.

இன்னொரு காரணம் காலம். அல்சைமர் போன்ற ஒரு மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பத்து இருபது வருடங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிடுகிறது. அத்தனை வருடம் ஒரு மனிதரின் மூளையைப் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கிடைப்பது நடுநடுவே எடுத்த சில ஸ்கேன்கள், இறந்த பிறகு கிடைக்கும் திசு, இரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் எடுத்த அளவுகள். இந்தத் துண்டுகளுக்கு இடையே என்ன நடந்திருக்கும் என்று சொல்ல ஒரு கணக்கு வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள்ள ஒரு மூளையையே கட்டிடுறாங்களா?

இல்லை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் (நரம்பு செல்கள்) இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் 2023 வரை மனித மூளைத் திட்டம் என்று பெரும் செலவில் ஒன்றை நடத்தியது. அதிலிருந்து நல்ல வரைபடங்களும் மென்பொருள்களும் வந்தன, ஆனால் நியூரான் நியூரானாக முழு மூளையும் கணினிக்குள் வந்துவிடவில்லை.

நடைமுறையில் செய்வது வேறு. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வார்கள், அதற்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். மூளை சுருங்குவது பற்றிய கேள்வி என்றால் மின்சாரம் வேண்டாம், வலிப்பு பற்றிய கேள்வி என்றால் திசுவின் மென்மை வேண்டாம். எம்ஆர்ஐ ஸ்கேனிலிருந்து மூளையின் வடிவத்தை எடுத்து, அதை லட்சக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் சமன்பாட்டைத் தீர்த்து, பக்கத்துத் துண்டோடு பொருத்திக்கொண்டே போவார்கள். பாலம் கட்டும் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஃபைனைட் எலிமென்ட் முறைதான் இது. எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதில்தான் திறமை இருக்கிறது, பெரிய கணினி வாங்குவதில் இல்லை.

வயசானா எல்லாருக்கும் மூளை சுருங்குமாமே, அப்போ எல்லாருக்கும் அல்சைமர் வருமா?

வராது. அறுபது தாண்டியவர்களுக்கு மூளையின் கன அளவு வருடத்துக்கு அரை சதவீதம் போலக் குறைவது இயல்பு. வேறுபாடு வேகத்திலும் இடத்திலும் இருக்கிறது. நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்: பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நலமாக இருக்கும் முதியவர்களுக்கு அது வருடத்துக்குச் சுமார் 1.4 சதவீதம் சுருங்குகிறது, அல்சைமர் உள்ளவர்களுக்குச் சுமார் 4.7 சதவீதம்.

இவை சராசரிகள். ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்து "சுருங்கியிருக்கிறது" என்று எழுதியிருந்தால், அது எந்த வேகத்தில் சுருங்கியது என்று அந்த ஸ்கேனுக்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் இருக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

அல்சைமர் ஒரு இடத்துல ஆரம்பிச்சுப் பரவுதுன்னு சொல்றாங்க. அப்போ அது தொற்று நோயா? அம்மாவைப் பார்த்துக்கிற எனக்கு ஒட்டுமா?

ஒட்டாது. தொட்டாலும், சேர்ந்து சாப்பிட்டாலும், எச்சில் பட்டாலும், மலம் சிறுநீர் சுத்தம் செய்தாலும் ஒட்டாது. பரவல் என்று சொல்வது ஒரே மூளைக்குள் நடப்பதை. (இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனைக் குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்ட ஒரு பழைய சிகிச்சை இருந்தது. அதன் வழியாக அமிலாய்டு என்ற புரதம் கடத்தப்பட்டதாக மிகச் சில பேரிடம் பின்னாளில் பதிவானது. அந்தச் சிகிச்சை 1985ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. வீட்டில் பராமரிப்பவர்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை.)

நடப்பது இதுதான். அல்சைமரில் இரண்டு புரதங்கள் கெடுகின்றன: நியூரான்களுக்கு வெளியே அமிலாய்டு படிகிறது, உள்ளே டௌ என்ற புரதம் முறுக்கிக்கொள்கிறது. அலாய்ஸ் அல்சைமர் 1906இல் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஆகுஸ்ட டேட்டர் என்ற பெண்ணின் மூளையைப் பற்றிப் பேசியபோது விவரித்தது இந்த இரண்டையும்தான். மடிப்புக் கெட்ட ஒரு டௌ மூலக்கூறு, பக்கத்தில் நல்லபடியாக இருக்கும் டௌவையும் தன் வடிவத்துக்கு மாற்றுகிறது. அப்படி மாறியவை நரம்பு இழைகள் வழியே அடுத்த பகுதிக்கும் போகின்றன. 1991இல் ஹைகோ ப்ராக், ஈவா ப்ராக் தம்பதி இந்த டௌ எந்தப் பகுதியில் தொடங்கி எந்த வரிசையில் போகிறது என்று ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள். மூளைக்கு மூளை அந்த வரிசை பெரும்பாலும் ஒத்துப்போவதுதான் இயற்பியல்காரர்களை இதன் பக்கம் இழுத்தது. வரிசை இருந்தால் விதி இருக்க வேண்டும்.

அந்தப் பரவலுக்கு ஒரு சமன்பாடு இருக்காமே, கணக்குன்னாலே பயப்படுறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்ல முடியுமா?

முடியும். ஒரு பெரிய களத்தில் வைக்கோல் போர்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றில் தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காரியங்கள் தனித்தனியாக நடக்கின்றன. பொறி பறந்து அடுத்த போரில் விழுவது ஒன்று. விழுந்த இடத்தில் தீ தானாகப் பெருகுவது இன்னொன்று, அதுவும் வைக்கோல் தீரும் வரைதான். மூளையிலும் இந்த இரண்டுதான்: கெட்ட புரதம் அடுத்த இடத்துக்குப் பரவுவது, போன இடத்தில் பெருகுவது. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் வருவது ஃபிஷர் சமன்பாடு. 1937இல் ரொனால்ட் ஃபிஷர் ஒரு மரபணு மக்கள்தொகையில் எப்படிப் பரவும் என்று கேட்டு எழுதியது, அதே வருடம் மாஸ்கோவில் கோல்மோகோரோவும் இன்னும் இருவரும் சேர்ந்து தனியாக எழுதியது. மூளைக்கும் இதற்கும் அப்போது ஒரு தொடர்பும் கிடையாது.

இந்தச் சமன்பாடு ஒரு எதிர்பாராத விஷயத்தைச் சொல்கிறது. கெட்ட புரதம் ஒரு அலை போல நகர்கிறது; அந்த அலையின் முன்விளிம்பு நகரும் வேகம், பரவும் விகிதத்தையும் பெருகும் விகிதத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் வரும். வர்க்கமூலம் இருப்பதால், ஒரு மருந்து பெருக்கத்தைப் பாதியாகக் குறைத்தாலும் முன்விளிம்பின் வேகம் பாதியாகாது, முப்பது சதவீதம் போலத்தான் குறையும். பாதியாக்க வேண்டுமென்றால் பெருக்கத்தைக் கால் பங்காக்க வேண்டும். இதைப் பரிசோதனைக் கூடத்தில் யாராவது கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் வருடங்கள் ஆகும், காகிதத்தில் பத்து நிமிடம்.

மூளைக்குள்ள எது எதோட இணைஞ்சிருக்குன்னு எப்படித் தெரியும்? உயிரோட இருக்கிறவங்களைத் திறந்தா பார்க்க முடியும்?

திறக்க வேண்டாம், தண்ணீரே காட்டிக்கொடுக்கிறது. மூளையில் உள்ள நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. நரம்பு இழைகள் கட்டுக்கட்டாகப் போகும் இடத்தில், இழையின் நீளவாக்கில் அவை எளிதாக நகரும், குறுக்கே நகரச் சிரமப்படும். எம்ஆர்ஐ இயந்திரத்தை அதற்கேற்ப அமைத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் நீர் எந்தத் திசையில் அதிகம் நகர்கிறது என்று அளக்கலாம், அந்தத் திசைகளைக் கோத்துக்கொண்டே போனால் இழைகளின் பாதை கிடைக்கும். 1994இல் பீட்டர் பாசர் குழு இதற்கான கணித வடிவத்தைக் கொடுத்தது. இழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடங்களில் இந்த முறை தடுமாறும், அதனால் கிடைக்கும் வரைபடத்தை அப்படியே வேதவாக்காக எடுக்கக் கூடாது.

2012இல் ஆஷிஷ் ராஜும் உடன் பணியாற்றியவர்களும் இந்த இணைப்பு வரைபடத்தின் மேல் வெறும் பரவலை மட்டும், வெப்பம் கடத்தும் சமன்பாடு போன்ற ஒன்றை, ஓட்டிப் பார்த்தார்கள். நோய்க்குரிய தகவல் எதையும் உள்ளே போடாமலேயே, அல்சைமரிலும் வேறு சில மறதி நோய்களிலும் எந்தப் பகுதிகள் சுருங்குகின்றனவோ அதற்கு நெருக்கமான வடிவங்கள் வந்தன. பிறகு ஸ்டான்ஃபோர்டில் எலன் கூல், ஆக்ஸ்ஃபோர்டில் அலன் கோரியலி போன்றவர்கள் மேலே சொன்ன ஃபிஷர் சமன்பாட்டை இதே இணைப்பு வரைபடத்தின் மேல் வைத்து, சுருக்கத்தின் விசைக் கணக்கையும் சேர்த்து விரிவாக்கினார்கள்.

சரி, இதெல்லாம் ஏற்கெனவே தெரிஞ்சதைத் திரும்பப் படம் வரையறது மாதிரி இருக்கே. புதுசா எதையாவது சொல்லியிருக்கா?

சொல்லியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

பரவுவது, பெருகுவது என்று இரண்டு இருக்கின்றன என்றேன். நோயின் வேகத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டில் எது? இது வெறும் ஆர்வக் கேள்வி இல்லை. பரவல்தான் காரணம் என்றால் நியூரானிலிருந்து நியூரானுக்குப் போகும் டௌவை வழியில் மறிக்கும் மருந்து வேண்டும், பெருக்கம் என்றால் ஒவ்வொரு நியூரானுக்குள்ளும் போய் வேலை செய்யும் மருந்து வேண்டும். இரண்டும் முற்றிலும் வேறு வேறு மருந்துகள். 2021இல் கேம்பிரிட்ஜின் கியோர்க் மைஸ்லும் மற்றவர்களும், இறந்தவர்களின் மூளைத் திசுவிலும் உயிரோடிருப்பவர்களின் பெட் ஸ்கேனிலும் கிடைத்த டௌ அளவுகளை எடுத்து, வேதிவினைகளின் வேகத்தைக் கணிக்கும் சமன்பாடுகளில் பொருத்தினார்கள். ப்ராக் மூன்றாம் நிலைக்குப் பிறகு, மொத்த வேகத்தைத் தீர்மானிப்பது அந்தந்த இடத்தில் நடக்கும் பெருக்கம்தான் என்று வந்தது. அதாவது பொறி ஏற்கெனவே எல்லாப் போரிலும் விழுந்தாயிற்று. இனி காற்றை மறிப்பதில் அதிகப் பயனில்லை, ஒவ்வொரு போரிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அதே கணக்கில் இன்னொரு எண்ணும் வந்தது: பெருகும் திறனுள்ள டௌ விதைகள் இரட்டிப்பாகச் சுமார் 5 வருடம் ஆகிறது. பத்து முறை இரட்டித்தால் ஆயிரம் மடங்கு, அதற்கு ஐம்பது வருடம். இந்தப் பெருக்கல் நான் போட்டது, தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏன் இந்த நோய் முதுமையில் வெளிப்படுகிறது என்பதற்கு ஒரு உருவம் கிடைக்கிறது இல்லையா? சோதனைக்காக மரபணு மாற்றிய எலிகளில் இந்த இரட்டிப்பு பல மடங்கு வேகமாக நடக்கிறது, எலியில் வேலை செய்த மருந்து மனிதரிடம் அப்படியே வேலை செய்யாமல் போவதை யோசிக்கும்போது இதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஸ்கேன்லயே மூளை எவ்வளவு மெத்துனு இருக்குன்னு அளக்கலாமாமே, தொடாம எப்படி?

தலையை வினாடிக்கு ஐம்பது அறுபது முறை மிக மெல்ல அதிர வைப்பார்கள். அந்த அதிர்வு மூளைக்குள் அலையாக ஓடுவதை எம்ஆர்ஐ படம் பிடிக்கும். கெட்டியான பொருளில் அலை வேகமாகப் போகும், மென்மையானதில் மெதுவாக. வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் விறைப்பு கிடைக்கும், மூளைக்கு அது சில கிலோபாஸ்கல் அளவுதான். இந்த முறையை 1995இல் சயன்ஸ் இதழில் அறிவித்த மேயோ கிளினிக் கட்டுரையின் முதல் பெயர் ராஜா முத்துப்பிள்ளை.

நலமாக இருப்பவர்களுக்கும் வயது ஏற ஏற மூளை மெல்ல மெல்ல இளகுகிறது, அல்சைமர் உள்ளவர்களுக்கு அதே வயதுக்காரர்களைவிட இன்னும் இளகியிருக்கிறது. இது இன்னும் வழக்கமான பரிசோதனையாக மாறவில்லை. நம் ஊர் ஸ்கேன் சென்டரில் போய்க் கேட்டு ஏமாற வேண்டாம்.

தூங்கும்போது மூளை தன்னையே கழுவிக்குதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. உண்மையா?

ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி இன்னும் சண்டையில் இருக்கிறது. 2012இல் மைக்கேன் நெடர்கார்ட் குழு எலிகளில் காட்டியது: மூளையைச் சுற்றியுள்ள நீர் இரத்தக் குழாய்களை ஒட்டிய இடைவெளிகள் வழியே உள்ளே போய் கழிவைக் கொண்டு போகிறது. 2013இல் தூங்கும் எலிகளில் செல்களுக்கு இடையே உள்ள இடம் சுமார் 60 சதவீதம் அதிகரிக்கிறது என்றார்கள். வாட்ஸ்அப் செய்தி இங்கே நின்றுவிடுகிறது.

இயற்பியல் இங்கே ஒரு கேள்வி கேட்டது. செல்களுக்கு இடையே உள்ள சந்து சில பத்து நானோமீட்டர் அகலம். அத்தனை குறுகிய சந்தில் நீரைத் தள்ள எவ்வளவு அழுத்தம் வேண்டும்? 2017இல் நார்வேயில் உள்ளவர்கள் உட்படப் பல நாட்டு ஆய்வாளர்கள் உண்மையான மூளைத் திசுவின் வடிவத்தை வைத்துக் கணக்கிட்டு, செல்களுக்கு நடுவே ஓட்டம் மிகச் சொற்பமாகவே இருக்க முடியும், அங்கே நடப்பது பெரும்பாலும் பரவல்தான் என்றார்கள். பரவல் பக்கத்து இடத்துக்குப் போதும், தூரத்துக்கு உதவாது: தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. பெரிய மூலக்கூறு ஒரு மில்லிமீட்டர் போகச் சில மணி நேரம் என்றால் ஒரு சென்டிமீட்டர் போக வாரக் கணக்கில் ஆகும். ஆகவே குழாய்களை ஒட்டி ஓட்டம், அவற்றுக்கு நடுவே பரவல் என்று இரண்டும் சேர்ந்து நடக்கிறது என்பது இப்போது நியாயமான படம். தூக்கத்தின் பங்கு பற்றி 2024இல் வந்த ஒரு எலி ஆய்வு தலைகீழாக, தூக்கத்தில் கழிவு வெளியேறுவது குறைகிறது என்று சொன்னது. நன்றாகத் தூங்க வேறு ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன, தூங்குங்கள். கழுவும் கதையை மட்டும் முடிந்துபோன விஷயமாகச் சொல்லாதீர்கள்.

தாத்தாவுக்கு மறதி, நடை தடுமாறுது, சிறுநீர் அடக்க முடியலை. தலையில நீர் கோத்திருக்குன்னாங்க, ஆனா பிரஷர் நார்மலாம். பிரஷர் நார்மல்னா அப்புறம் எப்படி?

இந்தக் கேள்விக்கு முதலில் நடைமுறைப் பதில்: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் "வயசாயிடுச்சு" என்று விடாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மறதி நோய்களில் சரிசெய்ய வாய்ப்புள்ள சிலவற்றில் இதுவும் ஒன்று. நீரை வயிற்றுக்கு வடிக்கும் ஷன்ட் குழாய் வைத்தால் பலருக்கு, முக்கியமாக நடையில், முன்னேற்றம் வருகிறது.

இப்போது இயற்பியல். கொலம்பியா நாட்டு அறுவை நிபுணர் சலமோன் ஹக்கீம் 1965இல் இந்த நோயை விவரித்தபோது அவருக்கும் இதே குழப்பம்தான். அவர் பிடித்துக்கொண்டது பள்ளிக்கூட விதி: விசை என்பது அழுத்தம் பெருக்கல் பரப்பு. மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் ஒருமுறை விரிந்துவிட்டால் சுவரின் பரப்பு அதிகம், ஆகவே அழுத்தம் பழைய அளவுக்கு இறங்கினாலும் சுவரின் மேல் மொத்த விசை அதிகமாகவே இருக்கும். முழு விளக்கம் அதோடு முடியவில்லை. மூளை வெறும் சுவர் இல்லை, நீர் ஊறிய நுண்துளைப் பொருள், அதற்கான சமன்பாடுகளை வைத்துப் பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டு வருகிறார்கள்.

பார்க்கின்சன், வலிப்பு இதுக்கெல்லாம் இந்தக் கணக்கு உதவுமா, இல்ல மறதி நோய்க்கு மட்டும்தானா?

சொல்லப்போனால் மின்சாரப் பக்கம்தான் பழையது. 1952இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாய் மீனின் தடித்த நரம்பில் மின்துடிப்பு எப்படி உண்டாகிறது என்று சமன்பாடு எழுதினார்கள். கேம்பிரிட்ஜ் கணினி அப்போது கிடைக்காததால் ஹக்ஸ்லி கையால் சுற்றும் இயந்திரத்திலேயே கணக்கைப் போட்டு முடித்தார். 1963இல் நோபல் பரிசு. இன்றைய நியூரான் கணக்குகள் பெரும்பாலும் அதன் வாரிசுகள்.

பார்க்கின்சனில் மூளையின் ஆழத்தில் நியூரான்கள் தேவைக்கு மீறி ஒரே தாளத்தில், வினாடிக்கு 13 முதல் 30 முறை வரை, சேர்ந்து துடிக்கின்றன. 1987இல் கிரெனோபிளில் பெனபிட் குழு காட்டிய ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சையில் மின்முனை வைத்து வினாடிக்கு 130 முறை போலத் தூண்டுவார்கள். மின்முனையைச் சுற்றி மின்புலம் எந்தத் திசு வரை எட்டும் என்பதை அந்த நோயாளியின் ஸ்கேனிலேயே கணக்கிடலாம். வலிப்பில், மருந்துக்குக் கட்டுப்படாதவர்கள் மூன்றில் ஒரு பங்கு. அவர்களில் சிலருக்கு வலிப்பு தொடங்கும் பகுதியை வெட்டி எடுக்கிறார்கள், எங்கே வெட்டுவது என்பதே பெரிய கேள்வி. மார்செயில் விக்டர் யிர்சா குழு, நோயாளியின் சொந்த இணைப்பு வரைபடத்தின் மேல் வலிப்பின் சமன்பாட்டை ஓட்டி அந்த இடத்தை ஊகிக்கும் முறையை உருவாக்கியது. பிரான்சில் அதற்கு மருத்துவப் பரிசோதனையும் தொடங்கப்பட்டது.

ஏஐ வந்தாச்சே, ஆயிரக்கணக்கான ஸ்கேனைக் கொடுத்தா அதுவே சொல்லிடுமே. சமன்பாடு எதுக்கு?

யாருக்கு நோய் வரலாம் என்று ஊகிப்பதில் ஏஐ பல சமயம் நன்றாகவே செய்கிறது, ஸ்கேனைப் பார்த்து மூளையின் வயதைச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அது பார்த்த மூளைகள் எல்லாம் நோய் தன் போக்கில் போனவை. "பெருக்கத்தை மட்டும் கால் பங்காக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டால் அப்படி ஒரு மூளையை அது பார்த்ததே இல்லை. சமன்பாட்டில் அந்த ஒரு எண்ணை மாற்றி ஓட்டினால் போதும். இப்போது பல குழுக்கள் இரண்டையும் சேர்க்கின்றன, சமன்பாட்டை மீறாமல் கற்கும்படி ஏஐயைக் கட்டுப்படுத்துகின்றன. எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம்.

எங்க அப்பாவோட ஸ்கேன் இருக்கு. இன்னும் எத்தனை வருஷம் எங்களை அடையாளம் தெரியும்னு கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

முடியாது. அதைச் சொல்வதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு ஸ்கேனில் வேகம் இல்லை என்பதை மேலே சுருக்கம் பற்றிய பதிலில் சொன்னேன். அதைவிடப் பெரிய சிக்கல், புரதம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதற்கும் ஒருவர் எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்பதற்கும் நேர்க்கோட்டு உறவு கிடையாது. மூளையில் நிறையப் படிந்திருந்தும் கடைசி வரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு. இந்தக் கணக்குகள் இன்றைக்கு ஆயிரம் பேருக்குச் சராசரியாக என்ன ஆகும், எந்த மருந்தை எந்தக் கட்டத்தில் சோதிக்கலாம் என்பதற்கு உதவுகின்றன. ஒரு அப்பாவுக்குத் தேதி குறிக்க உதவாது.

இதுல இருக்கிற டேட்டா எல்லாம் வெள்ளைக்காரங்களோடதுதானே? நம்ம மூளைக்குப் பொருந்துமா?

சரியான கேள்வி. அதிகம் பயன்படுத்தப்படும் தரவுத் தொகுப்பு 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏட்னி. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், நிறையப் படித்தவர்கள். சமன்பாட்டின் வடிவம் மனிதருக்கு மனிதர் மாறாது என்று எதிர்பார்க்கலாம், ஆனால் அதில் போடும் எண்கள் மாறலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், படிப்பு, சின்ன இரத்தக் குழாய்களின் நிலை எல்லாம் அதில் வரும்.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2023இல் வந்த தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் கிராமத்து மக்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளப்பதால் வேகம் கிடைக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. சென்னை ஐஐடியில் சீனிவாச சக்கரவர்த்தியின் ஆய்வகம் பார்க்கின்சன் பற்றி நீண்ட காலமாக மாடல்கள் உருவாக்குகிறது, அங்கேயே உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளைகளைச் செல் அளவில் படமெடுக்கிறது.

பிஎஸ்சி இயற்பியல் படிக்கிறேன். இதுக்கு வரணும்னா உயிரியல் முதல்லேர்ந்து படிக்கணுமா?

முதலில் வேண்டாம். வகைக்கெழுச் சமன்பாடு, நேரியல் இயற்கணிதம், பைத்தான், கொஞ்சம் புள்ளியியல், இவை கைவந்தால் போதும். நியூரான், ஃபீனிக்ஸ், தி வெர்ச்சுவல் பிரெய்ன் என்ற மூன்று மென்பொருள்களும் இலவசம். ஃபிஷர் சமன்பாட்டை ஒரு கோட்டின் மேல் நீங்களே எழுதி ஓட்டிப் பாருங்கள், முப்பது வரி நிரல்தான், மேலே சொன்ன வர்க்கமூல விதி வருகிறதா என்று சரிபாருங்கள். உயிரியல் அதற்குப் பிறகு தானாகத் தேவைப்படும், அப்போது ஒரு மருத்துவரோடு உட்கார்ந்து படிப்பது நல்லது.

ஒரு மாடல் டேட்டாவோட அழகாப் பொருந்திட்டா அது சரின்னுதானே அர்த்தம்?

இல்லை, இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். முன்விளிம்பின் வேகத்தில் வருவது பரவும் விகிதத்தையும் பெருகும் விகிதத்தையும் பெருக்கிய எண். பரவலை நான்கு மடங்காக்கி, பெருக்கத்தைக் கால் பங்காக்குங்கள், வேகம் அப்படியே இருக்கும். வேகத்தை மட்டும் அளந்தவருக்கு இந்த இரண்டு நோய்களும் ஒன்றாகவே தெரியும், ஆனால் ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றதற்கு உதவாது.

பிரிக்க ஒரு வழி உண்டு. முன்விளிம்பின் அகலம், அதாவது கெட்டது எவ்வளவு தூரத்தில் மங்கி மறைகிறது என்பது, பரவலைப் பெருக்கத்தால் வகுத்தால் வரும் எண்ணின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. மேலே சொன்ன இரண்டு நோய்களில், பரவலை நான்கு மடங்காக்கிப் பெருக்கத்தைக் கால் பங்காக்கியதன் விளிம்பு நான்கு மடங்கு அகலமாக இருக்கும். கிரிஸ்டின் ஸ்வான்சன் குழு கிளையோமா என்ற மூளைக் கட்டிகளில் இதைத்தான் செய்தது: ஒரே நாளில் எடுத்த இரண்டு வகை எம்ஆர்ஐ படங்களில் கட்டியின் எல்லை எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதிலிருந்து வகுத்த எண், வேறு வேறு நாளில் எடுத்த படங்களிலிருந்து பெருக்கிய எண். இரண்டும் கிடைத்தால் பரவலும் பெருக்கமும் தனித்தனியாக வந்துவிடும். அடுத்த முறை "எங்கள் மாடல் பொருந்துகிறது" என்று ஒரு கட்டுரையில் படித்தால், எத்தனை வகைப் படம், எத்தனை வேறு நாட்கள் என்று இரண்டையும் தேடிப் பாருங்கள். ஒரே நாள், ஒரே வகை என்றால் அவர்கள் சொல்லும் பரவல் எண்ணையும் பெருக்க எண்ணையும் தனித்தனியாக நம்ப வேண்டாம்.